முகப்பருக் குழிகள்: ஆறு லேசருக்கு இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. மதுரையில் பைக்கில் உணவு டெலிவரி செய்கிறேன். பகல் முழுக்க வெயில்தான். ப்ளஸ் டூ படிக்கும்போது ஆரம்பித்த பரு இப்போது குறைந்துவிட்டது. ஆனாலும் தாடைப் பக்கம் வாரத்துக்கு இரண்டு மூன்று வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு கன்னத்திலும் குழி குழியாக இருக்கிறது, கூடவே கருப்புப் புள்ளிகள். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த க்ரீமை நான்கு மாதமாகப் போடுகிறேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது ஒருநாள் விட்டாலும் சிவந்து எரிகிறது. நண்பன் ஊசிகள் பதித்த தன்னுடைய டெர்மா ரோலரைத் தருகிறேன் என்கிறான். ஒரு ஸ்கின் கிளினிக்கில் ஆறு சிட்டிங் லேசரில் எல்லாம் போய்விடும், முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா டாக்டர்?

பதில்: இப்போது கட்டாதீர்கள், தம்பி. உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன: இன்னும் வந்துகொண்டிருக்கும் பரு, க்ரீம் செய்துவைத்த கோளாறு, பழைய குழிகள். லேசர் இதில் மூன்றாவதற்கு மட்டும்தான், அதுவும் அதில் ஒரு பகுதிக்குத்தான் உதவும். வரிசை மாறினால் பணமும் போகும், முகம் இன்னும் கருக்கவும் செய்யும்.

முதலில் க்ரீம். நீங்கள் பெயர் எழுதவில்லை. ஆனால் முதலில் பளிச்சென்று ஆனது, நிறுத்தினால் எரிகிறது என்ற இரண்டே வரி போதும். அநேகமாக அது ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த க்ரீம், அல்லது அதைப் போன்ற வேறொரு ஸ்டீராய்டு கலவை. ட்யூபின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. இந்த மாதிரிக் கலவைகளை மங்குக்குக் குறைந்த காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் எழுதுவதுண்டு. பருவுக்கும் குழிக்கும் மாதக்கணக்கில் போடும் மருந்தல்ல இது. தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும், மீசை தாடி இல்லாத இடத்திலும் முடி வளரும், ஸ்டீராய்டாலேயே புதிதாகப் பரு வரும். தாடையில் இன்னும் பரு நிற்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2018-லேயே மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டது. கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது வேறு கதை.

அதற்காக நாளைக்கே தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். நான்கு மாதம் போட்டதைத் திடீரென நிறுத்தினால் முகம் சில வாரம் சிவந்து, எரிந்து, பரு பொங்கி வரும். பலர் இந்தக் கட்டத்தில் பயந்துபோய்த் திரும்பவும் அதே ட்யூபை வாங்குகிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைப்பதா, உடனே நிறுத்தி எரிச்சலுக்கு வேறு மருந்து தருவதா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அந்தச் சில வாரமும் மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் தவிர வேறு எதையும் நீங்களாக முகத்தில் தடவ வேண்டாம். எலுமிச்சைச் சாறும் டூத்பேஸ்டும் இதில் சேரும். எலுமிச்சை தடவி வெயிலில் போனால் தோல் வெந்து கருக்கும்.

அடுத்தது பரு. புதிய பரு வரும்வரை குழிக்கு வைத்தியம் செய்வதில் அர்த்தமில்லை, ஏனென்றால் அடுத்த குழி அங்கேதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. பருவின் சுவர் தோலுக்குள்ளேயே உடையும்போது அழற்சி உள்தோல்வரை இறங்குகிறது. அந்த அழற்சியில் சுரக்கும் நொதிகள் தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கரைத்துவிடுகின்றன. ஆறும்போது உடல் இழந்த அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை என்றால் அது குழி. தேவைக்கு மேல் கட்டிவிட்டால் மேடு. முகத்தில் பெரும்பாலும் குழிதான். நகத்தால் பிதுக்கினால் அந்தச் சுவர் உள்பக்கமாக உடைகிற வாய்ப்பு அதிகம். வெளியே வந்த சீழைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம், உள்ளே போனது தெரிவதில்லை.

உங்களுக்குத் தாடையில் மட்டும் நிற்காமல் வருகிறது என்பதால் ஹெல்மெட்டைச் சந்தேகப்படுகிறேன். வார்ப்பட்டை உரசும் இடம், வியர்வை, அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அந்த இடத்தில் பரு வரும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய பருத்தித் துணி வையுங்கள், தினம் ஒன்று மாற்றுங்கள். ஹெல்மெட்டின் உள் பஞ்சு கழற்றுகிற மாதிரி இருந்தால் வாரம் ஒருமுறை சோப்பு நீரில் அலசிக் காயப்போடுங்கள். பட்டையைத் தளர்த்திவிடாதீர்கள், பருவைவிடத் தலை முக்கியம்.

எரிச்சல் அடங்கிய பிறகு பருவுக்கு வழக்கமாகத் தொடங்குவது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதல்ல. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். காலையில் பென்சாயில் பெராக்ஸைடு 2.5 சதவீதம் சேர்க்கலாம். அது பட்ட தலையணை உறையும் துண்டும் நிறம் வெளுத்துவிடும், பழைய துணியை ஒதுக்கிவையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் போனால்தான் பலன் தெரியும். அடாபலீனுக்கு இன்னொரு லாபமும் உண்டு: புதிய குழி விழுவதைக் குறைக்கும், மாதக்கணக்கில் போட்டால் மேலோட்டமான குழிகளைக் கொஞ்சம் தூர்க்கவும் செய்யும். கடையில் கிடைக்கும் க்ரீம்களில் குழிக்கு ஓரளவு பலன் எதிர்பார்க்கக்கூடியது இந்த ரெட்டினாய்டு வகை மட்டும்தான். மற்றவை கறையை மங்கச் செய்யலாம், குழியைத் தொடாது.

மாத்திரை தேவைப்பட்டால் உங்கள் வேலையைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டால் வெயில் சீக்கிரம் சுடும். குழி விழும் அளவுக்குப் பரு வருகிறவர்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் நல்ல மருந்து. முழுக் கோர்ஸ் என்பது பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 120 முதல் 150 மி.கி., அதாவது 60 கிலோ இருப்பவருக்கு மொத்தம் 7,200 முதல் 9,000 மி.கி. தினம் 20 மி.கி. என்றால் ஏறத்தாழ ஒரு வருடமாவது ஆகும். உதடு வறளும், கொழுப்பும் கல்லீரலும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். சிலருக்கு இருட்டில் பார்வை மங்கும். ராத்திரி ஆர்டர் எடுக்கிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. டாக்ஸிசைக்ளினையும் ஐசோட்ரெட்டினாயினையும் ஒன்றாகச் சாப்பிடக் கூடாது, மண்டைக்குள் அழுத்தம் கூடும் ஆபத்து இருக்கிறது. உங்கள் சீட்டைப் பார்த்து அக்கா தங்கை யாரும் வாங்கிச் சாப்பிட்டுவிட வேண்டாம். கர்ப்பத்தில் இந்த மாத்திரை குழந்தைக்குக் கடுமையான ஊனங்களை உண்டாக்கும்.

இனி குழிகள். இன்று வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். டியூப்லைட்டுக்கு நேராக நிற்காமல், வெளிச்சம் ஒரு பக்கவாட்டில் மட்டும் விழும்படி கண்ணாடி முன் நில்லுங்கள். ஜன்னலோரம் நல்ல இடம். கறைகள் வெறும் நிறமாகவே இருக்கும், குழிகளுக்கு மட்டும் நிழல் விழும். விரலை மெல்ல ஓட்டினால் வழுவழுப்பாக இருக்கிற கருப்புப் புள்ளி தழும்பே அல்ல, பரு ஆறிய இடத்தில் தங்கிவிட்ட நிறம். நம் தோலில் அது மாதக்கணக்கில், சில நேரம் ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கும், ஆனால் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் தானாகவே மங்கும். பலர் தழும்பு என்று சொல்லிக்கொண்டு வருவதில் கணிசமான பகுதி இந்தக் கறைதான். அதற்கு அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீதமும் சன்ஸ்கிரீனும் போதும், லேசர் வேண்டாம்.

நிழல் விழும் குழிகளை இப்போது இரண்டு விரலால் இருபுறமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் மறைகிறவை ஒரு வகை. இவை அகலமானவை, நான்கைந்து மி.மீ. இருக்கும், ஓரம் தெளிவாகத் தெரியாமல் அலை அலையாக இறங்கும். மெத்தையில் பொத்தான் வைத்துத் தைத்த இடம் மாதிரி, அடியிலிருந்து நார்கள் தோலைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. மருத்துவர்கள் ரோலிங் ஸ்கார் என்பார்கள். இழுத்தாலும் மறையாமல், வாய் 2 மி.மீ.க்கும் சிறிதாக, ஆழமாக இறங்குபவை ஐஸ்பிக். மூக்குக்குப் பக்கத்துக் கன்னத்தில் அதிகம் இருக்கும். அம்மை வடு மாதிரி செங்குத்தான ஓரமும் தட்டையான அடியும் இருப்பவை பாக்ஸ்கார். பெரும்பாலானவர்களுக்கு மூன்றும் கலந்தே இருக்கும். ஒரே கருவியால் ஆறு முறை என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் குழிகளை எண்ணிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஐஸ்பிக் குழியை எடுத்துக்கொள்வோம். அது உள்தோலின் அடிவரை, சில நேரம் கொழுப்புவரை போகிறது. முகம் முழுக்க ஓட்டுகிற லேசர் அந்த ஆழத்துக்கு இறங்காது. இதற்கு உகந்தது ட்ரைக்குளோரோ அசிட்டிக் அமிலத்தைக் குழிக்குள் மட்டும் வைக்கும் முறை. கிராஸ் என்று சொல்வார்கள், 2002-ல் கொரிய மருத்துவர்கள் 65 சதவீதத்திலும் 100 சதவீதத்திலும் செய்து எழுதியது. கூராகச் சீவிய மரக்குச்சியின் முனையை அமிலத்தில் தொட்டு, குழியின் அடியில் அழுத்துவார்கள். சில நொடிகளில் அந்த இடம் வெள்ளையாகும். சுருக்கென்று எரியும், சில நிமிடத்தில் அடங்கும். அடுத்த சில நாளில் பொருக்கு கட்டி, ஒரு வாரத்துக்குள் உதிரும். அதைப் பிய்க்கக் கூடாது. உள்ளே புது கொலாஜன் வளர்ந்து குழி அடியிலிருந்து மேலே வரும். மாதத்துக்கு ஒருமுறையாக மூன்று முதல் ஆறு முறை தேவைப்படும். அமிலம் குழியின் ஓரத்துக்கு வழிந்தால் வாய் அகன்றுவிடும், சுற்றிலும் கருக்கும். அதனால்தான் நம் நிறத்துக்குக் குறைந்த செறிவில் தொடங்குகிற மருத்துவர்கள் உண்டு. இதே அமிலம் ஆன்லைனில் பாட்டிலில் கிடைக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

இழுத்தால் மறைகிற குழிக்கு அந்த நாரை அறுக்க வேண்டும், மேலிருந்து எதைச் சுட்டாலும் நார் விடாது. சப்சிஷன் என்பது இதுதான். மரப்பு ஊசி போட்டு, பக்கத்தில் ஒரு துளை வழியாக ஊசியையோ மழுங்கிய முனைக் குழலையோ தோலுக்கு அடியில் செலுத்தி விசிறிபோல் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். நார் அறும்போது நறநறவென்று ஒரு சத்தம் உங்களுக்கே கேட்கும், வலி இருக்காது. அன்றைக்கு முகம் வீங்கும், ரத்தம் கட்டி நீலமாகத் தெரியும், ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். சிலருக்கு உள்ளே சின்னக் கட்டி தட்டுப்படும், அதுவும் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் செய்யும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆழமான பாக்ஸ்காருக்கு பஞ்ச் முறை. குழியின் அளவுக்கே உள்ள வட்டக் கத்தியால் சுற்றி வெட்டி, அடித்தோல் நன்றாக இருந்தால் அதையே மேலே தூக்கி நிறுத்துவார்கள். இல்லையென்றால் குழியையே எடுத்துவிட்டு ஒரு தையல், ஐந்து முதல் ஏழு நாளில் பிரிப்பார்கள். குழிக்குப் பதில் ஒரு மெல்லிய கோடு. நல்ல பேரம்தான்.

இவையெல்லாம் முடிந்து மீதமிருக்கும் மேலோட்டமான மேடுபள்ளத்துக்குத்தான் லேசரும், நுண்ணிய ஊசிகளால் குத்தும் மைக்ரோநீடிலிங்கும். ஃபிராக்‌ஷனல் கார்பன் டை ஆக்ஸைடு லேசர் தோலில் நுண்ணிய தூண்களாகச் சுட்டு, நடுவில் சுடாத தோலை விட்டுவைக்கிறது. அந்தச் சுடாத பகுதியிலிருந்துதான் புண் ஆறுகிறது. நான்கு முதல் ஏழு நாள் முகம் பழுப்புப் புள்ளியாகச் சொரசொரப்பாக இருக்கும். அதன்பின் பல வாரம் வெயில் படவே கூடாது. நம் நிறத்தில் லேசருக்குப் பின் கருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். சித்திரை வெயிலில் பகலெல்லாம் ரோட்டில் இருக்கிற உங்களுக்கு அது கிட்டத்தட்ட நிச்சயம். செய்துகொள்வதாக இருந்தால் ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில், ஒரு வாரம் லீவு எடுக்க முடிந்தால், குறைந்த அடர்த்தியில், முதலில் காதோரம் ஒரு சிறிய இடத்தில் சோதித்துவிட்டு.

உங்கள் வேலைக்கு மைக்ரோநீடிலிங் பொருத்தமாகப் படுகிறது. மரக்கச் செய்யும் க்ரீமை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, ஏறத்தாழ 1.5 மி.மீ. ஊசிகளால், பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்க்கும்வரை குத்துவார்கள். சிவப்பு இரண்டு மூன்று நாளில் போகும், சூடு இல்லாததால் கருக்கும் ஆபத்து குறைவு. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் நான்கைந்து முறை. உங்கள் ரத்தத்தை எடுத்துப் பிரித்த, தட்டணுக்கள் நிறைந்த பிஆர்பி திரவத்தை மேலே தடவலாமா என்று கேட்பார்கள். சேர்த்தால் கொஞ்சம் கூடுதல் பலன், சேர்க்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை. பணம் அளவாக இருந்தால் அதைச் சப்சிஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பனின் ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் ரத்தம் பட்ட ஊசியை இன்னொருவர் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி வரை தொற்றலாம். கொதிக்க வைத்தோ ஸ்பிரிட்டில் முக்கியோ அதைச் சரிசெய்துவிட முடியாது. பரு உள்ள முகத்தில் உருட்டினால் கிருமி முகமெங்கும் பரவும். வீட்டு ரோலர்களில் 0.2, 0.3 மி.மீ. ஊசிகள் குழியின் ஆழத்தை எட்டுவதே இல்லை. நீள ஊசி என்றால் வளைந்த முனை தோலைக் கீறும். உருட்டிய கையோடு வைட்டமின் சி சீரம் தடவி முகத்தில் கட்டிகள் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

தோள், நெஞ்சு, தாடையோரத்தில் தடித்த மேட்டுத் தழும்பு உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் யோசித்தே செய்ய வேண்டும், காயமே தழும்பை வளர்த்துவிடும். அந்த மேடுகளுக்கு ட்ரையாம்சினலோன் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

ஐசோட்ரெட்டினாயின் நிறுத்தி ஆறு மாதம் ஆனால்தான் எதையும் தொட வேண்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள். பழைய விதி அது. 2017-ல் இந்தியத் தோல் அறுவை மருத்துவர்களின் பணிக்குழு அதைத் தளர்த்திவிட்டது. மைக்ரோநீடிலிங், ஃபிராக்‌ஷனல் லேசர் போன்றவற்றுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. முழு முகத்தையும் ஆழமாகச் சுரண்டுகிற முறைகளுக்கு மட்டும் இன்னும் பொறுக்க வேண்டும்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் எல்லாரும் அளவில்தான் கோட்டை விடுகிறார்கள். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்கு இரண்டு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருமுறைக்கான அளவு. ஷிஃப்டுக்குக் கிளம்ப இருபது நிமிடம் முன்னால் போடுங்கள், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வியர்வையை ஒற்றியெடுத்துவிட்டு மறுபடி. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனாலும் போட வேண்டும்.

கணக்கு எப்படி வரும்? முதல் மூன்று நான்கு மாதம் க்ரீமிலிருந்து மீள்வதும் பருவை அடக்குவதும். புதிய பரு இரண்டு மாதம் வராமல் இருந்தால் சப்சிஷனும் கிராஸும். பிறகு மைக்ரோநீடிலிங். மொத்தத்தில் ஒரு வருடம் தாண்டும். கடைசி சிட்டிங்குக்குப் பிறகும் மூன்று முதல் ஆறு மாதம் கொலாஜன் வளர்ந்துகொண்டிருக்கும். குழியின் ஆழம் பாதிக்கு மேல் குறைந்தால் அது நல்ல பலன், முழுவதும் போய்விடும் என்று உறுதி கொடுப்பவரை நம்ப வேண்டாம். மருத்துவர்கள் தழும்பை அளக்கும்போது அரை மீட்டர் தூரத்திலிருந்து தெரிகிறதா என்பதை ஒரு எல்லையாக வைக்கிறார்கள். நீங்களும் அதே ஜன்னலில், அதே நேரத்தில், அதே தூரத்தில் மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடி பார்த்தால் மாற்றம் பிடிபடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் முதலில் காட்டுங்கள். பருவுக்கான மருந்து அங்கேயே கிடைக்கும், கிராஸ், சப்சிஷன் போன்றவையும் பல இடங்களில் செய்கிறார்கள். தனியார் கிளினிக்குக்குப் போனால் செய்யப்போகிறவர் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ முடித்தவரா, ஒவ்வொரு குழிக்கும் என்ன செய்யப்போகிறார், கருத்தால் என்ன மருந்து தருவார் என்று கேளுங்கள். பணத்தை ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனியாகக் கட்டுங்கள். எதைச் செய்துகொண்டாலும் அடுத்த ஓரிரு நாள் ஹெல்மெட் பட்டை முகத்தில் உரச வேண்டாம், அதனால் வார விடுமுறைக்கு முந்தின மாலையில் நேரம் வாங்குங்கள். வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, சீழ் வைத்தாலோ, உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பினாலோ அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே போய்க் காட்டுங்கள்.